தௌலதாபாத் பள்ளிவாசலும் தீண்டத்தகாத தண்ணீரும்: மரபுச் சுற்றுலா சொல்லாமல் விடும் வரலாறு

மகாராட்டிரத்தின் ஔரங்காபாத் நகரிலிருந்து (இன்றைய அரசுப் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர்) எல்லோரா குகைகளுக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் தௌலதாபாத் கோட்டை நிற்கிறது. எல்லோரா செல்லும் பயணிகளில் பலர் வழியில் இங்கு இறங்கி, இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு உள்ளே செல்கின்றனர். செங்குத்தாகச் செதுக்கப்பட்ட மலையும், அதைச் சூழ்ந்த அகழியும், எதிரிகளைத் திசைதடுமாறச் செய்ய அமைக்கப்பட்ட இருண்ட சுரங்கப் பாதையும், சாந்த் மினார் என்னும் கோபுரமும் அவர்களுக்குக் காட்டப்படுகின்றன. அவற்றுக்கு நடுவே தக்காணத்தின் மிகப் பழமையான பெரும் பள்ளிவாசல்களில் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அங்கு சென்று வந்தவரிடம் பள்ளிவாசலைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் விழிப்பார்கள். அந்தக் கட்டடம் இன்று பாரத மாதா கோயில் என்றே அறியப்படுகிறது.

அதே கோட்டைவாயிலில் 1934இல் மற்றொரு நிகழ்வு நடந்தது. சுற்றுலாப் பயணியாக வந்த பாபாசாகேப் அம்பேத்கரும் அவருடைய தோழர்களும் ஒரு சிறு குளத்து நீரில் முகம் கழுவியதற்காகச் சூழ்ந்துகொண்டு இழிவுபடுத்தப்பட்டனர். அவர்களைச் சூழ்ந்தவர்கள் முசுலிம்கள்.

பழமையான பள்ளிவாசல்களை மரபுச் சுற்றுலாத் தலங்களாக வளர்ப்பது குறித்து இந்நாட்டில் நிறையப் பேசப்படுகிறது. கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தில் கொடுங்கல்லூரின் சேரமான் பள்ளிவாசல் முக்கிய இடம் பெற்றுள்ளது. சுல்தான்கள் கட்டிய பள்ளிவாசல்கள் நிறைந்த அகமதாபாத் பழைய நகரம் 2017இல் யுனெசுக்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இம்முயற்சிகளால் கட்டடங்கள் காப்பாற்றப்படுகின்றன. உள்ளூர் மக்களுக்கு வருமானமும் கிடைக்கிறது. எனினும் ஒரு கட்டடம் மரபுச் சின்னமாக அறிவிக்கப்படும்போது அதன் கதைகளில் எது பலகையில் ஏறுகிறது, எது விடுபடுகிறது, அங்கு யாருடைய உரிமை கூடுகிறது, யாருடையது குறைகிறது என்னும் கேள்விகளை ஒடுக்கப்பட்ட மக்களின் பார்வையிலிருந்து எவரும் எழுப்புவதில்லை. அவற்றை எழுப்பிப் பார்க்கத் தௌலதாபாத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது.

தேவகிரியிலிருந்து தௌலதாபாத் வரை

இவ்வூரின் பழைய பெயர் தேவகிரி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாதவ அரசர்களின் தலைநகரமாக இது எழுந்தது. 1296இல் அலாவுதீன் கில்ஜி இதன்மீது படையெடுத்து, அரசர் ராமச்சந்திரரிடமிருந்து பெருஞ்செல்வத்தைக் கவர்ந்து சென்றார். சில ஆண்டுகள் திறை செலுத்தும் அரசாக நீடித்த யாதவர் ஆட்சி, 1318இல் குத்புதீன் முபாரக் கில்ஜியின் படையெடுப்போடு முடிவுற்றது. கோட்டைக்குள் உள்ள ஜாமி பள்ளிவாசல் அவ்வாண்டோடு சேர்த்தே குறிக்கப்படுகிறது. அதன்பின் 1327இல் முகம்மது பின் துக்ளக் தில்லியிலிருந்து தம் தலைநகரை இங்கு மாற்றி, ஊருக்குத் தௌலதாபாத் என்று பெயரிட்டார்.

பள்ளிவாசலின் அமைப்பு எளிமையானது. அகன்ற திறந்த முற்றம், மேற்குப் பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் கொண்ட தொழுகைக் கூடம், அதன்மேல் குவிமாடம். தூண்களை உற்றுநோக்கினால் அவற்றுள் பல வேறு கட்டடங்களுக்காகச் செதுக்கப்பட்டவை என்பது விளங்கும். யாதவர் காலத்துக் கோயில்களின் தூண்கள் இங்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டுள்ளன. இதை மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. வென்ற அரசன் தோற்ற அரசனின் கோயிலை இடித்ததும், அதன் கல்லைத் தன் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டதும் இந்தியாவின் பல பகுதிகளில், பல மதத்து அரசர்களால் நிகழ்த்தப்பட்டவை. தோற்றவனின் தெய்வத்தைத் தோற்கடித்தால்தான் அவனுடைய அரசுரிமை முழுமையாக அழியும் என்பது அக்கால அரசியலின் கணக்கு.

பள்ளிவாசலுக்கு அருகில் ‘ஹாத்தி ஹௌத்’ என்று அழைக்கப்படும் மாபெரும் நீர்த்தொட்டி உள்ளது. மலைச்சரிவுகளின் நீரைச் சுடுமண் குழாய்கள் வழியே நகருக்குள் கொண்டுவந்து தேக்கிய ஏற்பாட்டின் ஒரு பகுதி அது. வறண்ட மராத்வாடாவில் கோட்டையும் நகரும் நிலைத்ததற்குக் காரணம் இந்த நீர் மேலாண்மைதான். வழிகாட்டிகள் இதைப் பெருமிதத்தோடு விளக்குகிறார்கள். அந்த நீரை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பது அவர்களுடைய விளக்கத்தில் இடம்பெறுவதில்லை.

1934: அனுமதிச்சீட்டு இல்லாத பயணி

அம்பேத்கர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தன்வரலாற்றுக் குறிப்பில் தௌலதாபாத் நிகழ்வு விரிவாகப் பதிவாகியுள்ளது. இயக்கத் தோழர்கள் ஒரு சுற்றுலா செல்ல விரும்பினர். எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் காண்பது பயணத்தின் முதன்மை நோக்கம். ஏறத்தாழ முப்பது பேர் நாசிக்கிலிருந்து பேருந்துகளிலும் கார்களிலும் புறப்பட்டு, இயோலா வழியாக நிசாம் ஆட்சிக்குட்பட்ட ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தனர். பயணத் திட்டத்தை அவர்கள் வேண்டுமென்றே வெளியிடவில்லை. தீண்டத்தகாதவர் எனக் கருதப்படும் பயணிகள் வெளியூர்களில் எதிர்கொள்ளும் தொல்லைகளைத் தவிர்க்க, தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமலே செல்ல விரும்பினர்.

பிறர் களிப்போடு விளம்பரப்படுத்தும் சுற்றுலாவை, சட்டம் பயின்று உலகம் சுற்றி வந்த ஒரு தலைவர் தம் சொந்த நாட்டில் மறைத்துச் செய்ய வேண்டியிருந்தது. அவர் தம் குறிப்பை எழுதிய காலத்துக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் வெளியூரில் விடுதி அறை கேட்கும்போதும், கோயில் ஊர்களில் உணவகத்தில் அமரும்போதும், பெயருக்குப் பின் என்ன வரும் என்ற கேள்வியை எதிர்பார்த்து நிற்கும் தலித் பயணிக்கு இந்த எச்சரிக்கை உணர்வு புதிதாகத் தோன்றாது.

தௌலதாபாத் ஊரின் தலித் மக்கள் முன்பே செய்தி அறிந்து, வாயிலில் காத்திருந்தனர். இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டுமென்று, தேநீரைக்கூடத் திரும்பும்போது அருந்தலாம் எனக் கூறி அம்பேத்கர் குழு கோட்டைக்குச் சென்றது. அது ரமலான் மாதம். கோட்டை வாயிலுக்கு வெளியே விளிம்புவரை நீர் நிறைந்த ஒரு சிறு குளம். சுற்றிலும் கல் பாவிய தளம். உடலெங்கும் சாலைப் புழுதி. குழுவில் சிலர் அந்நீரில் முகமும் காலும் கழுவிக்கொண்டனர்.

உள்ளே செல்ல அனுமதி பெறும் முறையைக் காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெண்தாடி வைத்த முதியவர் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லி, குளம் தீட்டுப்பட்டதாகக் கூவியபடி ஓடிவந்தார். கூட்டம் திரண்டது. வந்தவர்களையும் உள்ளூர்த் தலித்துகளையும் வசைபாடியது. வெளியூரிலிருந்து வந்ததால் உள்ளூர் வழக்கம் தெரியாது என்ற விளக்கம் எடுபடவில்லை. கைகலப்பு மூளும் நிலை. அப்போது அம்பேத்கர் ஒரு கேள்வியை நேராக முன்வைத்தார்: இதைத்தான் உங்கள் மதம் கற்பிக்கிறதா, தீண்டத்தகாதவன் ஒருவன் முசுலிமாக மாறிவிட்டால் அவனை இந்நீரைத் தொடவிடாமல் தடுப்பீர்களா என்பது அக்கேள்வியின் சாரம். கூட்டம் பதிலின்றி நின்றது. பின்னர் அவர் பெயர் எழுதப்பட்டு உள்ளே அனுப்பப்பட, கோட்டைக்குள் செல்லலாம், ஆனால் எங்கும் நீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. நிபந்தனை மீறப்படாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய வீரர் ஒருவர் உடன் அனுப்பப்பட்டார்.

அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரும் நீர்த்தொட்டிகளுக்குப் புகழ்பெற்ற ஒரு கோட்டையை, தொழுகைக்கு முன் உடல் தூய்மை செய்ய நீரைக் கடமையாக்கிய ஒரு மதத்தின் பள்ளிவாசல் நிற்கும் வளாகத்தை, துப்பாக்கிக் காவலின் கீழ் நீர் தொடாமல் சுற்றிப் பார்க்க நேர்ந்தவர்கள் அவர்கள். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் முசுலிமுக்கும் தீண்டத்தகாதவனே என்பதற்குச் சான்றாகவே அம்பேத்கர் இந்நிகழ்வைப் பதிவு செய்தார்.

இதைப் படித்துவிட்டு, “பாருங்கள், முசுலிம்களும் அப்படித்தான்” என்று கைகொட்டுபவர்களுக்கு அதே பயணத்தின் தொடக்கப் புள்ளியை நினைவூட்ட வேண்டும். அவர்கள் புறப்பட்ட நாசிக்கில்தான் 1930 மார்ச் 2 முதல் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. சாதி இந்துக்கள் கதவைத் திறக்கவில்லை. அதற்கு முன் 1927 மார்ச் 20இல் மகாடின் சவுதார் குளத்தில் நீர் அருந்திய தலித்துகள் தாக்கப்பட்டனர். குளம் சடங்குகளால் ‘தூய்மை’ செய்யப்பட்டது. அவர்கள் கடந்து சென்ற இயோலாவில்தான் அடுத்த ஆண்டு, 1935 அக்டோபர் 13இல், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். சாதி இந்து சமூகத்தின் நோய் எல்லா மதங்களின் வாயிலிலும் காவல் நிற்பதைத்தான் தௌலதாபாத் காட்டியது. மதநூல் சமத்துவம் பேசும் இடத்திலும் மண்ணின் வழக்கமாகத் தீண்டாமை புகுந்திருந்தது. அங்கு திரண்ட கூட்டம் அம்பேத்கரின் கேள்விக்கு வாயடைத்து நின்றதற்கும் காரணம் அதுவே: தம் மதத்தைச் சுட்டிக் கேட்கப்பட்டபோது தம் செயலுக்கு அதில் இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கல் யாருடையது?

கோயில் தூண்கள் பள்ளிவாசலுக்குச் சென்ற கதையை இன்று அரசியல் மேடைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. “நம் கோயில்” இடிக்கப்பட்டது, ஆகவே “நாம்” அதை மீட்க வேண்டும் என்று. இந்த “நாம்” என்னும் சொல்லுக்குள் தலித்துகளையும் சேர்த்துக்கொள்ளும் அழைப்பு கடந்த சில பத்தாண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது.

அக்கோயில்கள் நின்ற காலத்தில் அவற்றின் வாயிலில் யார் இருந்தார்கள்? யாதவர் ஆட்சியின் இறுதிக் காலத்தையும் கில்ஜி, துக்ளக் ஆட்சியையும் ஒட்டி அதே மராத்தி மண்ணில் வாழ்ந்தவர் மகார் சாதியில் பிறந்த பக்திக் கவிஞர் சோக்கமேளா. பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய அவருக்கு விட்டலன் கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லை. மங்கள்வேடாவில் மதில் கட்டும் பணியில் இருந்தபோது சுவர் இடிந்து விழுந்து 1338இல் அவர் மாண்டார் என்று மரபு கூறுகிறது. அவருடைய நினைவிடம் கோயிலின் படிக்கட்டு அருகே, வெளியே அமைந்துள்ளது. தௌலதாபாத் பள்ளிவாசல் எழுந்து இருபது ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது.

கோயிலைக் கட்டியபோதும், இடித்தபோதும், பள்ளிவாசலாக எழுப்பியபோதும் கல் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. அரசர்களின் பெயர்கள் உள்ளன, ஆண்டுகள் உள்ளன. சுவர் கட்டும்போது செத்தவர்களில் ஒருவர் கவிஞராகவும் இருந்ததால் அவர் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆகவே ஒரு தூண் யாருக்குச் சொந்தம் என்று கேட்கப்படும்போது, உள்ளே நுழையவே விடப்படாத மக்கள், இழந்த கோயிலுக்காகப் பழிவாங்கும் படையில் சேர வேண்டிய கடன் எதையும் சுமக்கவில்லை. இடித்தவனுடைய வெற்றியில் பங்கு கோர வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் கேட்க வேண்டியது முழு வரலாற்றை: தூண் எங்கிருந்து வந்தது என்பதையும், அத்தூண் முதலில் நின்ற இடத்தில் யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்து.

1948: பலகை மாறிய கதை

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. நிசாம் ஆட்சி முடிவுற்றது. அக்காலத்தை ஒட்டி, தௌலதாபாத் பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்தில் பாரத மாதா சிலை நிறுவப்பட்டது. 630 ஆண்டுப் பழமை கொண்ட பள்ளிவாசல் ஒரு புதிய தெய்வத்தின் கோயிலாயிற்று.

இது சட்டத்தின் முன் என்ன பொருள்படும்? மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்கள் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் தலங்கள் சட்டத்தால் ஆளப்படுகின்றன. அரசு பராமரிக்கும் சின்னம் ஒரு வழிபாட்டுத் தலமாக இருந்தால், அதன் தன்மைக்கு ஒவ்வாத எந்த நோக்கத்துக்கும் அது பயன்படுத்தப்படக் கூடாது என்பது அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஆனால் சட்டம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே தௌலதாபாத்தில் மாற்றம் நிகழ்ந்துவிட்டது.

அடுத்து வந்தது 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டம். 1947 ஆகஸ்டு 15 அன்று ஒரு வழிபாட்டுத் தலம் எந்த மதத் தன்மையோடு இருந்ததோ அதுவே தொடர வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை. அந்நாளில் தௌலதாபாத்தில் இருந்தது பள்ளிவாசல். எனினும் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 1958 சட்டத்தின்கீழ் வரும் தொன்மைச் சின்னங்களுக்கு விலக்கு அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதியே இங்கு பாதுகாப்பில் ஓர் ஓட்டையாகிவிடுகிறது.

இது பழங்கதை அன்று. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் நகரிலுள்ள முகலாயர் காலத்து சாகி ஜாமா பள்ளிவாசல் 1920இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது கோயிலை இடித்துக் கட்டப்பட்டது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள சின்னத்துக்குள் பொதுமக்கள் நுழையும் உரிமையே கோரிக்கையாக வைக்கப்பட்டது. அவ்வழக்கில் உத்தரவிடப்பட்ட ஆய்வு 2024 நவம்பர் 24இல் நடந்தபோது வன்முறை வெடித்து உயிர்கள் பறிபோயின. அதன்பின் 2024 டிசம்பர் 12இல், இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவு செய்யவும், நிலுவை வழக்குகளில் ஆய்வு உள்ளிட்ட உத்தரவுகளைப் பிறப்பிக்கவும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்து வந்த 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்த சொத்து பின்னர் வக்ஃபு என அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பு செல்லாது என்று கூறும் பிரிவைக் கொண்டுள்ளது. அச்சட்டம் உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது.

மரபுச் சின்னம் என்னும் சொல்லைக் கேட்டதும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தயங்குவதற்கான காரணம் இதிலிருந்து விளங்கும். தில்லி ஜாமா பள்ளிவாசல் நாட்டின் மிகப் புகழ்பெற்ற பள்ளிவாசல்களில் ஒன்று. நாள்தோறும் பயணிகள் திரள்கிறார்கள். ஆனால் அது மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அன்று. அவ்வாறு அறிவிக்கப்படாது என 2004இல் அன்றைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் அதன் இமாமுக்குக் கடிதம் எழுதினார். ஆக்ராவிலோ நிலைமை வேறு. தாஜ்மகால் வளாகத்துப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆக்ரா வாசிகள் மட்டுமே அனுமதிக்கப்படுவர் என்று மாவட்ட நிர்வாகம் 2018இல் விதித்த கட்டுப்பாட்டில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தொழுவதற்கு வேறு பள்ளிவாசல்கள் உண்டு, தாஜ்மகால் உலக அதிசயம் என்பது காரணம். பார்க்க வருபவரின் தேவைக்கும் தொழ வருபவரின் உரிமைக்கும் இடையே முரண் எழும்போது, தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

கட்டடத்தின் பாதுகாப்பு தேவையானதுதான். பழமையான பள்ளிவாசலில் வண்ணப் பூச்சும் பளிங்கு ஓடும் ஒட்டி அதன் உருவையே சிதைக்கும் நிர்வாகங்களும் உண்டு. கல்லைக் காக்கும் சட்டம், கல்லைச் சுற்றி வாழும் மக்களின் உரிமையையும் காக்கும்படி எழுதப்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

ஒரே வரிசை, வேறு வேறு அடக்கத்தலம்

பள்ளிவாசலுக்குள் தொழுகை வரிசையில் பணக்காரரும் ஏழையும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஹவுளில் ஒரே நீரில் ஒளு செய்கிறார்கள். தீண்டாமையால் நொந்த மக்களை இக்காட்சி ஈர்த்தது இயல்பே. 1981 பிப்ரவரியில் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவின. தௌலதாபாத் வாயிலில் அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்கு, வாழ்வால் அளிக்கப்பட்ட விடைகளில் ஒன்றாக அதைக் கொள்ளலாம்.

ஆனால் வரிசை கலைந்த பின் என்ன நடக்கிறது? 1901ஆம் ஆண்டு வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முசுலிம்களிடையே அஷ்ரஃப், அஜ்லஃப், அர்சல் என்னும் அடுக்குகளைப் பதிவு செய்தது. பிற முசுலிம்கள் சேர்ந்து பழகாத, பள்ளிவாசலிலும் பொது அடக்கத்தலத்திலும் இடம் மறுக்கப்பட்ட பிரிவினராக அர்சல்களை அது குறித்தது. துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட ஹலால்கோர், லால்பேகி போன்ற சாதிகள் அதில் அடங்கும். அம்பேத்கர் பாகிஸ்தான் குறித்த தம் நூலில் இக்குறிப்பை எடுத்துக்காட்டி, முசுலிம் சமூகத்திலும் சாதி உண்டு என்று நிறுவினார். 1998இல் பீகாரில் தொடங்கப்பட்ட பஸ்மாந்தா முசுலிம் மகாஜ் இதே உண்மையை உள்ளிருந்து பேசியது.

அரசும் இவர்களைக் கைவிட்டது. 1950 ஆகஸ்டு 10இல் வெளியான பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் முசுலிம்களும் தலித் கிறித்தவர்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மதக் கட்டுப்பாட்டை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது; செயல்படுத்தப்படவில்லை. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

பள்ளிவாசல்களின் மரபைக் கொண்டாடும் சுற்றுலா நூல்கள் குவிமாடங்களின் அழகையும் எழுத்தணிக் கலையையும் விரிவாகப் பேசுகின்றன. தோல்பையில் நீர் சுமந்து வந்த பிஷ்திகளும், முற்றம் கூட்டியவர்களும், கல் உடைத்தவர்களும் அந்நூல்களில் வருவதில்லை. இன்றைய நிலையும் இதற்கு வேறானதன்று. நினைவுச்சின்ன வளாகங்களின் கழிப்பறைகளையும் குப்பையையும் சுத்தம் செய்யும் பணி ஒப்பந்தக்காரர்கள் வழியே எந்தச் சாதிகளின் தலையில் விழுகிறது என்பதை அறிய ஆய்வறிக்கை தேவையில்லை. நுழைவாயிலில் சற்று நேரம் நின்றாலே போதும்.

விடுபட்ட தலங்கள்

அம்பேத்கரின் வாழ்வோடு தொடர்புடைய ஐந்து இடங்களை ஒன்றிய அரசு ‘பஞ்ச தீர்த்தம்’ என்ற பெயரில் முன்னிறுத்துகிறது. பிறந்த மௌ, பயின்ற காலத்தில் தங்கிய இலண்டன் இல்லம், பௌத்தம் தழுவிய நாகபுரி தீட்சா பூமி, மறைந்த தில்லி இல்லம், உடல் எரியூட்டப்பட்ட மும்பை சைத்திய பூமி. பிறப்பும் கல்வியும் மதமாற்றமும் மறைவும் இதில் உள்ளன. நீருக்காக அவர் நின்ற மகாடும் தௌலதாபாத்தும் இப்பட்டியலில் இல்லை. வணங்குவதற்குரிய அம்பேத்கருக்கு இடமளித்து, கேள்வி கேட்ட அம்பேத்கரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு இது.

பெயரும் பலகையும் சிறிய விடயங்கள் என்று மராத்வாடாவில் எவரும் சொல்ல முடியாது. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978இல் சட்டமன்றம் தீர்மானித்தபோது தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1994 ஜனவரி 14இல்தான் அப்பெயர் வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நகரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் தௌலதாபாத் உள்ளது.

ஆகவே சில கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கலாம். தௌலதாபாத் பள்ளிவாசலின் முன் அதன் முழு வரலாறும் மராத்தி, உருது, இந்தி, ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும்: யாதவர் காலத் தூண்கள், 1318, 1948 ஆகிய மூன்றும் சேர்ந்து. கோட்டை வாயிலில் 1934இல் நடந்தது என்ன என்பதை அம்பேத்கரின் பதிவை அடிப்படையாகக் கொண்டு ஒரு பலகை சொல்ல வேண்டும். தொன்மைச் சின்னங்களாக உள்ள வழிபாட்டுத் தலங்களுக்கு 1991 சட்டம் அளிக்கும் விலக்கு நீக்கப்பட வேண்டும். பள்ளிவாசல்களைச் சுற்றி வளரும் சுற்றுலாத் தொழிலில் வழிகாட்டி, கடை உரிமம், பராமரிப்புப் பணி ஆகியவற்றில் அவ்வூர்த் தலித்துகளுக்கும் பஸ்மாந்தா முசுலிம்களுக்கும் உறுதியான பங்கு வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரப் பணிக்கு மாற்றப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளில் முதல் இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை, பெருநிதியும் தேவையில்லை. தொல்லியல் துறை ஒரு பலகை வைத்தால் போதும். அந்தப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே செல்லும் பயணி, அரண்களையும் கோபுரத்தையும் காண்பதோடு, வாயிலில் நீருக்காக நிறுத்தப்பட்ட முப்பது பேரையும் அறிந்துகொண்டு திரும்புவார்.